4.3 கிலோ மணல், 20 வளைவு

என் பிழைப்பே எடை போடுவதுதான். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். காலையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பேன். சாயந்திரம் அது கொலுசாகவும் துண்டு துணுக்காகவும் அரப்பொடியாகவும் திரும்பி வரும்போது மறுபடி எடை போட்டு வாங்குவேன். நடுவில் குறைந்தது சேதாரம். கணக்குக்கு மேல் அரை கிராம் குறைந்தாலும் அன்று ராத்திரி பட்டறை மண்ணைக் கூட்டிச் சலித்துப் பார்க்காமல் கதவைச் சாத்த மாட்டோம். அதனால் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கிராம் கிராமாகப் பேசுவதைக் கேட்டபோது எனக்கு அது புதுசாகவே தெரியவில்லை. நம்ம ஆளுங்க என்றுதான் தோன்றியது.

நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டதால் சைக்கிள் ஏறியவன் நான். ஏழு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் கோரிமேடு வழியாக அடிவாரம் போய், அங்கிருந்து ஏற்காடு ஏறுவது வழக்கம். 20 கொண்டை ஊசி வளைவு, ஏறத்தாழ 20 கிலோமீட்டர், ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றம். அதாவது நூறு மீட்டர் உருட்டினால் ஐந்து மீட்டர் மேலே தூக்கியாக வேண்டும். என் வண்டி இரும்பு ஃப்ரேம் போட்ட கியர் சைக்கிள். எடை 12.4 கிலோ.

போன வருஷம் ஆவணியில், எங்களோடு ஓட்ட வருகிற டாக்டர் ஒருவர் தன் கார்பன் சைக்கிளை ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். "ஓட்டிப் பாருங்கண்ணா, அப்புறம் சொல்லுங்க" என்றார். 8.1 கிலோ. ஒரு கையால் தூக்கினேன். தண்ணீர் இல்லாத குடத்தைத் தூக்கியதுபோல, கை நினைத்ததைவிட உயரமாகப் போய் நின்றது. அந்த ஞாயிறு அடிவாரத்திலிருந்து ஏரி வரைக்கும் 1 மணி 29 நிமிஷம். என் சைக்கிளில் எப்போதும் 1 மணி 36 நிமிஷத்தை ஒட்டித்தான் வரும். ஏழு நிமிஷம்! இரண்டு ராத்திரி தூக்கம் சரியாக இல்லை. அதே மாதிரி வண்டி ஒண்ணே முக்கால் லட்சம்.

வீட்டில் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. பட்டறைக் கணக்கை என்னைவிடச் சுத்தமாகப் பார்க்கிறவள் அவள்தான். "வாங்குறதுன்னா வாங்குங்க. ஆனா காசு எடைக்குன்னு சொல்றீங்க. எடைதான் வேலை செஞ்சுதான்னு பாத்தீங்களா? டச் பாக்காம வெள்ளி வாங்குவீங்களா நீங்க?" என்றாள். நூற்றுக்கு எத்தனை சுத்த வெள்ளி என்பதுதான் டச்.

அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. டாக்டர் வண்டியில் எடை மட்டுமா வேறே? டயர் வேறே, பெடல் வேறே, குனிந்து உட்காரும் பாங்கு வேறே. ஏழு நிமிஷத்தில் எடையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் எடைக்குக் காசு கொடுப்பது, கல்லோடு சேர்த்து நகையை எடை போடுவதற்குச் சமம்.

இரண்டு சைக்கிளின் வித்தியாசம் 4.3 கிலோ. ஆகவே என் சைக்கிளிலேயே 4.3 கிலோவைக் கூட்டி ஓட்டுவது, அப்புறம் அதை எடுத்துவிட்டு ஓட்டுவது என்று முடிவு செய்தேன். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். காய்ந்த மணலைச் சலித்து, துணிப்பையில் போட்டு, வாய் தைத்து, பட்டறைத் தராசில் 4,300 கிராம் சரியாக நிறுத்தினேன். ஃப்ரேமின் முக்கோணத்துக்குள் மாட்டும் பை ஒன்று இருக்கிறது, அதில் அடக்கமாக உட்கார்ந்துகொண்டது. மணல் இல்லாத நாளில் அதே பையில் பழைய ஸ்பான்ஜைத் திணித்துக்கொண்டேன். பை உப்பியிருந்தால் ஒரு காற்று, சப்பையாக இருந்தால் ஒரு காற்று என்று கணக்கு கெட்டுவிடக் கூடாது பாருங்கள். டயர் காற்று இரண்டு நாளும் ஒரே அளவு. நெஞ்சில் துடிப்பு பார்க்கும் பட்டை கட்டிக்கொண்டு, நிமிஷத்துக்கு 150-ஐத் தாண்டாமல், அதிலிருந்து ரொம்ப இறங்காமல் மிதிப்பது. எந்த ஞாயிறு மணல், எந்த ஞாயிறு ஸ்பான்ஜ் என்பதை என் பெண் சனிக்கிழமை ராத்திரி நாணயம் சுண்டிச் சொல்வாள்.

நாணயம் சுண்டும் யோசனை டாக்டர் தந்தது. இங்கிலாந்தில் ஜெரமி குரோவ்ஸ் என்று ஒரு மயக்க மருந்து டாக்டர் 2010-இல் இதே வேலையைச் செய்து, அந்த வருஷக் கிறிஸ்துமஸ் சமயத்தில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியிருக்கிறார். ஷெஃபீல்டில் வீடு, செஸ்டர்ஃபீல்டில் ஆஸ்பத்திரி. போய்வர 27 மைல், அதாவது 43 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அவரிடம் இரண்டு சைக்கிள் இருந்தன. ஒன்று பழையதாக 50 பவுண்டுக்கு வாங்கிய 13.5 கிலோ இரும்பு வண்டி, இன்னொன்று 1,000 பவுண்டு கொடுத்து வாங்கிய 9.5 கிலோ கார்பன் வண்டி. தினமும் காலையில் காசைச் சுண்டி, விழுந்த பக்கத்துக்கான வண்டியில் போனார். இரும்பில் 30 நாள், கார்பனில் 26 நாள். சராசரி நேரத்தைப் பாருங்கள்: இரும்பில் 1 மணி 47 நிமிஷம் 48 விநாடி, கார்பனில் 1 மணி 48 நிமிஷம் 21 விநாடி. நாலு கிலோ குறைந்த வண்டி அரை நிமிஷம் பின்னால்தான் வந்திருக்கிறது. அந்த அரை நிமிஷமும் கணக்கில் சேராத, தினப்படி ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிடும் வித்தியாசம்தான் என்று அவரே எழுதியிருக்கிறார்.

இதைப் படித்ததும் என் பக்கத்து ஓட்டக்காரர்கள் சிலர் "அப்போ எடையே ஒண்ணுமில்ல" என்று முடித்துவிட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் போனது போய்த் திரும்பும் பாதை. ஏறும்போது வாங்கிய கடனில் கொஞ்சத்தை இறங்கும்போது மலை திருப்பிக் கொடுத்துவிடும். நான் பார்க்கிறது ஏறுகிற பக்கம் மட்டும். அவர் இரண்டு வண்டியை ஒப்பிட்டார். நான் ஒரே வண்டியில் எடையை மட்டும் மாற்றுகிறேன்.

ஐப்பசி மழை விட்டதும் ஆரம்பித்தேன். மாசி வரை 12 ஞாயிறு: மணல் ஆறு, ஸ்பான்ஜ் ஆறு. இடையில் இரண்டு வாரம் மழையிலும் ஒரு வாரம் கல்யாணத்திலும் போயிற்று.

மணல் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாமல் ஓட்ட வழியே இல்லை. தள்ளிக்கொண்டு வாசல் இறங்கும்போதே கை சொல்லிவிடும். ஆனால் மலையில் ஏறிக் கால் மணி ஆனபிறகு நடந்தது வேறு. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து சீராக மிதிக்கும்வரை மணல் இருப்பதே மறந்துபோகிறது. எழுந்து நின்று, வண்டியை இடம் வலமாக ஆட்டி மிதிக்கும் அந்த நேரத்தில்தான் ஞாபகப்படுத்துகிறது. வளைவின் உள்பக்கம் ரோடு சட்டென்று செங்குத்தாகும். எதிரே பஸ் வந்தால் உள்பக்கமே ஒதுங்க வேண்டிவரும். அந்த இருபது முப்பது மிதியில் வண்டி தூங்குகிறாற்போல இருக்கும். இன்னொரு பக்கம், டாக்டர் வண்டியில் அதே வளைவுகளில் அது துள்ளிக்கொண்டு போயிற்று. அன்றைக்கு என் மனதைப் பிடித்தது அந்தத் துள்ளல்தான் என்று இப்போது தெரிகிறது. துள்ளல் பொய்யில்லை. ஆனால் 95 நிமிஷ ஏற்றத்தில் அது மூன்று நான்கு நிமிஷத்துக்கு மேல் வராது. மீதி முழுக்க ஒரே தாளத்தில் உருட்டுகிற வேலை.

முடிவு. ஸ்பான்ஜ் நாட்களின் சராசரி 1 மணி 36 நிமிஷம் 20 விநாடி. மணல் நாட்களின் சராசரி 1 மணி 40 நிமிஷம் 50 விநாடி. நாலரை நிமிஷம். கிலோவுக்கு ஒரு நிமிஷம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது: மணல் நாட்களில் நன்றாக அமைந்த ஒன்று 1 மணி 37 நிமிஷம் 40 விநாடி. ஸ்பான்ஜ் நாட்களில் மோசமான ஒன்று 1 மணி 39 நிமிஷம் 10 விநாடி. முதல் நாள் ராத்திரி ஆர்டர் முடிக்க ஒரு மணி வரை விழித்திருந்தேன். சரியாகத் தூங்காத ஒரு ராத்திரி மூன்று கிலோவைத் தின்றுவிட்டது. இந்த இரண்டு நாளை மட்டும் எடுத்துப் பார்த்திருந்தால் கனமான சைக்கிள்தான் வேகம் என்று சத்தியம் செய்திருப்பேன். ஒரே ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டி வாங்கக் கூடாது என்பதற்கு எனக்குக் கிடைத்த சாட்சி இது. டாக்டர் வண்டியையும் நான் ஒரே ஒரு ஞாயிறுதான் மலையில் ஏற்றியிருந்தேன்.

கிலோவுக்கு ஒரு நிமிஷம் எங்கிருந்து வருகிறது என்று டாக்டரின் மகன் (என்ஜினீயரிங் படிக்கிற தம்பி) எனக்குப் போட்டுக் காட்டினான். 5 சதவீத ஏற்றத்தில் என்னைப் போல மணிக்கு 12, 13 கிலோமீட்டரில் போகிறவன் செலவு செய்யும் சக்தியில் பெரும்பங்கு, ஏறத்தாழ நூற்றுக்கு எண்பத்தைந்து, பூமி இழுப்பதைத் தூக்கத்தான் போகிறது. மீதியை டயரும் காற்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பூமி எதைப் பார்த்து இழுக்கிறது? மொத்த எடையை. சைக்கிள் தனி, ஆள் தனி என்று அதற்குக் கிடையாது. நான் 71 கிலோ, சைக்கிள் 12.4, தண்ணீர், பஞ்சர் சாமான், பூட்டு, ஷூ எல்லாம் சேர்ந்து மொத்தம் 86 கிலோ ஏறுகிறது. அதில் 4.3 என்பது நூற்றுக்கு ஐந்து. நேரத்திலும் ஏறக்குறைய அந்த ஐந்துதான் குறைந்திருக்கிறது.

இந்தப் பங்குதான் விஷயம். கடைக்காரர் "பழைய வண்டி 12, இது 8, மூணுல ஒரு பங்கு குறைச்சிருக்கோம் சார்" என்று சொல்வார். கேட்கப் பெரிதாக இருக்கும். மலைக்குத் தெரிவது மொத்த 86 கிலோவில் நூற்றுக்கு ஐந்து மட்டும். கொலுசு வியாபாரத்தில் மொத்த எடையை மட்டும் சொல்லி விலை பேசினால் எவனும் வாங்க மாட்டான், "டச் எவ்வளவு" என்றுதான் கேட்பான். சைக்கிள் கடையில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கே ஏழு வருஷம் பிடித்திருக்கிறது.

சமதரையிலும் அதே மணல் பையோடு போய்ப் பார்த்தேன். ஓமலூர் தாண்டிப் போய்த் திரும்பினால் 40 கிலோமீட்டர். மணலோடு நான்கு நாள், இல்லாமல் நான்கு நாள். ஒன்றும் பிடிபடவில்லை. எதிர்காற்று அடித்த நாள் ஐந்து நிமிஷம் தாமதம், மற்ற நாள் வேகம், மணலுக்கும் அதற்கும் சம்பந்தமே தெரியவில்லை. தம்பி போட்ட கணக்கில் 4.3 கிலோவுக்கு 40 கிலோமீட்டரில் அரை நிமிஷம்கூட வரவில்லை. மணிக்கு 30-இல் போகும்போது முக்கால்வாசி உழைப்பு காற்றைப் பிளக்கத்தான் போகிறது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்றின் தள்ளு நான்கு மடங்கு, அதை வெல்ல வேண்டிய சக்தி எட்டு மடங்கு. காற்று எடையைப் பார்ப்பதில்லை, அகலத்தைப் பார்க்கிறது. முழங்கையை மடக்கிக் குனிந்தாலே 4.3 கிலோ குறைத்ததைவிடக் கூடுதல் லாபம், செலவு சைபர்.

இதைப் பெரிய ஆட்களே பட்டுத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். 1972-இல் பெல்ஜியத்துச் சைக்கிள் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் மெக்சிகோ நகரத்தில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை வைத்தார். அந்தச் சைக்கிள் ஆறு கிலோகூடக் கிடையாது. எடை குறைப்பதற்காகச் செயினில்கூட ஓட்டை போட்டிருந்தார்கள். அதைப் படித்தபோது பட்டறைக்காரனாக எனக்கு மெய்சிலிர்த்தது உண்மை, கண்ணி கண்ணியாகத் துளைத்த அந்தக் கையைக் கும்பிடலாம். ஆனால் அது மேடு பள்ளமே இல்லாத ஓட்டப்பாதை. ஒரே வேகத்தில் சுற்றுகிறவனுக்கு அங்கே எடையால் பெரிய லாபம் இல்லை. அவருக்கு உண்மையில் கைகொடுத்தது அவருடைய கால்களும், அவ்வளவு உயரத்தில் மெலிந்திருக்கும் அந்த ஊர்க் காற்றும். 12 வருஷம் கழித்து, 1984-இல், இத்தாலிய வீரர் பிரான்செஸ்கோ மோசர் அதே ஊருக்கு வந்தார். கிராமைத் துரத்தாமல் காற்றைத் துரத்தினார். ஸ்போக்ஸ் கம்பிக்குப் பதிலாக முழுத் தட்டாக மூடிய சக்கரங்கள். 51.151 கிலோமீட்டர்.

பந்தய சைக்கிள்களுக்கு உலக அமைப்பான யு.சி.ஐ. 2000-இலிருந்து 6.8 கிலோ என்று கீழ்வரம்பு வைத்திருக்கிறது. அதற்குக் குறைந்த வண்டி பந்தயத்தில் ஓடக் கூடாது. அதனால் வரம்புக்குக் கீழே வந்துவிட்ட வண்டியில் எடை சேர்த்து ஓட்டிய அணிகளும் உண்டு. மலைப் பந்தயத்தில் விநாடிக்கு மதிப்பு உண்டு, அவர்கள் கிராம் பார்ப்பது தொழில். அந்தத் தொழிலை நானும் மதிக்கிறேன்.

"சக்கரத்துல குறைக்கிற ஒரு கிராம் ரெண்டு கிராமுக்குச் சமம்" என்பது எங்கள் குழுவில் அடிக்கடி விழும் வாக்கியம். வேகம் எடுக்கும்போது, அதுவும் ரிம் ஓரத்து எடைக்கு, அது சரிதான். அந்த எடையை முன்னாலும் தள்ள வேண்டும், சுழற்றவும் வேண்டும். சீராக ஏறும் மலையில் சக்கரத்துக் கிராமும் பையிலிருக்கும் கிராமும் ஒன்று. சிக்னலில் நின்று கிளம்பும்போதுகூட ரிம்மில் 200 கிராம் குறைத்தால் 400 கிராம் குறைத்த மாதிரி, 86 கிலோவில் 400 கிராம், அவ்வளவுதான்.

இனி டயர். நாலரை நிமிஷம் எடை என்றால், ஏழில் மீதி இரண்டரை எங்கே? வண்டி வாங்கியபோது வந்த டயரே என்னிடம் ஓடிக்கொண்டிருந்தது. கட்டை கட்டையாகப் பூ வைத்த, சுவர் தடித்த டயர். விரலால் அமுக்கினால் செருப்புத் தோல் மாதிரி விறைப்பாக இருக்கும். டயர் தரையில் படும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் நசுங்கி மறுபடி நிமிர்கிறது. நசுக்கக் கொடுத்த சக்தி முழுதும் திரும்பி வருவதில்லை, கொஞ்சம் சூடாகப் போய்விடுகிறது. அது டயரின் சேதாரம்! டயர் எவ்வளவு தடித்து விறைத்திருக்கிறதோ அவ்வளவு சேதாரம். வழக்கமாகப் போகும் மெக்கானிக் பாயிடம் சொன்னேன். பூ இல்லாத, சுவர் மெலிந்த 32 மில்லிமீட்டர் டயர் ஜோடி 3,400 ரூபாய்க்கு வரவழைத்துக் கொடுத்தார். "காத்த ரொம்ப ஏத்தாதீங்கண்ணா, நம்ம ரோட்டுக்குக் கல்லு மாதிரி ஆனா குதிக்கும், உருளாது" என்றார். அவர் சொன்னதும் சரியாக இருந்தது. குதிக்கிற ஒவ்வொரு தடவையும் உடம்பு வாங்கிக்கொள்ளும் அதிர்வும் நாம் மிதித்த மிதிதான்.

புது டயரில் அடுத்த நான்கு ஞாயிறு. சராசரி 1 மணி 33 நிமிஷம். மலையில் மூன்று கிலோ குறைத்த பலன். ஓமலூர் ரோட்டிலோ இரண்டரை நிமிஷம் மிச்சம், சமதரையில் இவ்வளவு மிச்சம் பிடிக்கச் சைக்கிளையே காற்றில் கரைத்தாலும் எடையால் முடியாது. ஆக, டாக்டர் வண்டிக்கும் எனக்கும் நடுவில் மிஞ்சியது நான்கு நிமிஷம், விலை ஒண்ணே முக்கால் லட்சம். நான் வாங்கவில்லை.

கியர் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தை 25 பல்லிலிருந்து 32 பல்லுக்கு மாற்றினேன். அதற்கு ஒத்த கியர் மாற்றியும் செயினில் கூடுதல் கண்ணிகளும் சேர்ந்து சைக்கிள் 140 கிராம் கனத்தது. கிராம் பார்க்கிற நண்பர் "போய் எடையைக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே" என்று வருத்தப்பட்டார். ஆனால் அதற்கு முன்னால் செங்குத்து இடங்களில் நிமிஷத்துக்கு நாற்பது மிதிதான் மிதிக்க முடியும். ஒவ்வொரு மிதியும் முழங்காலை நெம்பும். ஞாயிறு ஏறினால் புதன் வரை பட்டறையில் சம்மணம் போட முடியாது. 32 வந்த பிறகு முழங்கால் வலி இல்லை. 140 கிராம் கூடியதால் நான் மலைக்குப் போவது மாதம் ஒரு முறையிலிருந்து வாரம் ஒரு முறையாக ஆனது. எந்தத் தராசில் இதை நிறுப்பது?

உடம்பைக் குறைப்பதும் மலைக்கு ஒன்றுதான், பூமிக்குப் பேதம் கிடையாது. ஆனால் கனமான ஆளைப் பார்த்து "சைக்கிளுக்கு ஏன் செலவு பண்றே, வயித்தைக் குறை" என்று சொல்வது எனக்குப் பிடிக்காத பேச்சு. தொடைச் சதையும் எடைதான், மிதிப்பது அதுதான். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு மலைக்கு வந்து எட்டாவது வளைவில் தலைசுற்றி உட்கார்ந்த பையனை நான் பார்த்திருக்கிறேன். ஓரத்தில் படுக்க வைத்து வாழைப்பழம் கொடுத்து, கீழே இறக்கி அனுப்பினோம்.

இந்த மணல் பை எல்லாம் முடிந்து ஒரு நாள், பெண்ணின் சைக்கிளைத் தராசில் ஏற்றினேன். சும்மாதான் ஏற்றினேன். அவளுக்கு ஒன்பது வயது. 24 கிலோ. சைக்கிள் 13.8 கிலோ.

மறுபடி ஒரு தடவை நிறுத்தினேன். 13.8-தான். நான் ஓட்டும் பெரிய ஆள் சைக்கிளைவிட அது கனம். அவள் எடையில் பாதிக்கும் மேலே. எனக்கு அந்தப் பங்கில் வண்டி கொடுத்தால் 41 கிலோ சைக்கிளை நான் மிதிக்க வேண்டும். 41 கிலோவில் என்னைக் கோரிமேட்டு மேட்டில் விட்டால் இறங்கித் தள்ளத்தான் செய்வேன். "மேட்டுல இறங்கிடறா, சோம்பேறி" என்று நானே அவளை எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். அன்று ராத்திரி அதை நினைத்து மனசு ரொம்பச் சங்கடப்பட்டது.

கார்பன் கிராம் விளம்பரமெல்லாம் எடை பெரிதாக உறைக்காத எங்களைப் போன்ற எழுபது எண்பது கிலோ ஆட்களுக்கு. எடை உண்மையிலேயே கழுத்தைப் பிடிக்கும் குழந்தைகளுக்குக் கடையில் நிற்பதோ முன்னால் ஷாக், நடுவில் ஷாக், இரட்டைக் குழாய், மோட்டார் பைக் மாதிரி பிளாஸ்டிக் கவசம். பார்க்க வீரமாக இருக்கிறது, குழந்தையும் அதையே கை காட்டுகிறது. நானும் அப்படித்தான் வாங்கிக் கொடுத்தேன். 24 கிலோ குழந்தை உட்கார்ந்தால் அந்த ஷாக் அமுங்குவதுகூட இல்லை. ஏற்றத்தில் கூடவே வரும் இரும்பு, அவ்வளவுதான். சைக்கிளில் எடை குறைக்க ஒரு ரூபாய் செலவழிக்கிறதாக இருந்தால் அது வீட்டிலேயே சின்ன ஆளின் சைக்கிளுக்குப் போக வேண்டும் என்பது என் முடிவு.

பாய் கடையில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பிரித்தோம். ஒவ்வொன்றாகக் கழற்றித் தராசில் வைத்து, அவள் நோட்டில் எழுதினாள். முன் ஃபோர்க் மட்டும் 2,350 கிராம். அதற்குப் பதிலாக அதே அளவில் ஷாக் இல்லாத பழைய ஃபோர்க் ஒன்றைப் பாய் பரணிலிருந்து எடுத்து, துரு தேய்த்துக் கொடுத்தார்: 980 கிராம். பின் கேரியர் 720. பழகும்போது மாட்டிய பக்கச் சக்கரங்களின் தாங்கி இரும்பு இன்னும் பின் அச்சில் தொங்கிக்கொண்டிருந்தது, 410. பிளாஸ்டிக் கவசம் 350. டயர் இரண்டும் மெலிதாக மாறியதில் 300. முன் கூடையைக் கழற்றப் போனபோது "அது வேணும்" என்று கையை வைத்து மறித்தாள். கூடை 390 கிராம். வைத்துக்கொண்டோம். மணியையும் வைத்துக்கொண்டோம்.

கடைசியில் 10.65 கிலோ. இன்னும் கனம்தான், ஆனால் இருந்ததற்கு மூன்று கிலோவுக்கு மேல் குறைவு. அவளையும் சேர்த்த மொத்தத்தில் நூற்றுக்கு எட்டுக்கு மேலே போயிற்று. எனக்கு 4.3 கிலோ தந்த பங்கு ஐந்து.

வீட்டு வாசலில் நிலைப்படி ஒரு முழ உயரம். இத்தனை நாள் முன் சக்கரத்தை ஏற்றி வைத்துவிட்டு, "அப்பா..." என்று குரல் கொடுப்பாள், நான் எழுந்து போய்ப் பின்பக்கத்தைத் தூக்கிவிடுவேன். அன்றைக்கு நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். முன் சக்கரம் படியில் ஏறும் சத்தம் கேட்டது. குரல் வருமென்று காத்திருந்தேன். சீட்டுக்குக் கீழே கை கொடுத்து, முழங்காலை முட்டுக்கொடுத்து, பின் சக்கரத்தையும் அவளே உள்ளே வைத்துவிட்டாள்.

போன ஞாயிறு கோரிமேட்டு மேட்டில் இறங்காமல் ஏறினாள். வருகிற ஞாயிறு அடிவாரம் செக்போஸ்ட் வரை வருகிறேன் என்கிறாள். தண்ணீர்ப் பாட்டில் என் சைக்கிளில் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அரை லிட்டர், 500 கிராம்.